ஆண்மூளையும் டீப் பிரீசரும்

இதனால் மொன்றியல் மாநகர் பார்க் எக்ஸ்டென்ஷன் வாழ் தமிழ்ப் பெருமக்கள் யாவருக்கும், அவர்தம் உற்றார் உறவினருக்கும், இப்பூவுலகில் கலியாணம் கட்டிய, கட்டப்போகிற, கட்டித் தப்பியோடிய சகலருக்கும் அறியத்தருவது யாதெனில்: ஆண்மூளை வேறு, பெண்மூளை வேறு என்னும் பேருண்மையானது கடந்த மார்ச் மாதம் பன்னிரண்டாம் திகதி பிற்பகல் ஒரு மணி தொடக்கம் மூன்று மணி வரை, இடையில் கோப்பிக்கான பதினைந்து நிமிடம் நீங்கலாக, டோர்வல் விமான நிலையத்தின் பின்புறத்துக் கூட்ட அறையொன்றில் வைத்துத் திரு. சிவராசா அவர்களுக்கு வெளிப்படுத்தப்பட்டது.

வெளிப்படுத்தியவர் ஓர் ஆலோசகர். பயணப்பெட்டி ஏற்றி இறக்கும் பகுதியில் ஆண்களும் பெண்களும் ஒருவரை ஒருவர் கத்துவது அளவு மீறிவிட்டதென்று கம்பெனி கூட்டிவந்த ஆள். பதினெட்டுப் பேர் போய் இருந்தார்கள். பதினேழு பேர் இலவச சாண்ட்விச்சைச் சாப்பிட்டுவிட்டு எழும்பி வந்தார்கள். சிவராசா மட்டும் ஞானம் பெற்று வந்தார். ஞானத்துக்கு அத்தாட்சியாக ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். அது அவருடைய வீட்டில் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில், பிள்ளையாருக்கு இரண்டு விரற்கடை மேலே தொங்கியது.

அன்று பின்னேரமே மனைவி சிவநேசத்தை சோபாவில் இருத்தி விளக்கினார்.

"இஞ்சை பாரும் நேசம். ஆம்பிளையின்ரை மூளை எங்கட பெல்ட் மாதிரி. ஒரு பெட்டி போய் முடிஞ்சாத்தான் அடுத்த பெட்டி. பொம்பிளையின்ரை மூளை, வெளியிலை சனம் நிண்டு பெட்டி எடுக்கிற வட்டம் இருக்கெல்லே, அது. எல்லாப் பெட்டியும் ஒரேயடியாச் சுத்தும். எடுக்க ஆளில்லாட்டிலும் சுத்தும்."

"அப்ப அடுப்பிலை கறி வைச்சிருக்கிறன், அதுவும் சுத்துது. எழும்பிப் போகட்டே?"

"பார்த்தீரே, இதைத்தான் சொன்னவங்கள்."

ஞானத்தின் சாரம் இரண்டே விதி. முதலாவது: பதற்றம் வந்தால் ஆண் பேச்சை நிறுத்துவான். அது உயிரியல். அந்த நேரம் அவனுக்குப் பேச்சுக் கொடுப்பது ஓடுகிற பெல்ட்டுக்குள் கை வைப்பதற்குச் சமம். இரண்டாவது: பதற்றம் வந்தால் பெண் பேசுவாள். அதுவும் உயிரியல். அவள் தீர்வு கேட்கவில்லை, காது மட்டும் கேட்கிறாள். ஆகவே மூன்று தரம் தலையை ஆட்டி, "உம்மட உணர்வு எனக்கு விளங்குது" என்று சொன்னால் வேலை முடிந்தது.

ஏப்ரலில் குசினிக் குழாய் ஒழுகுகிறது என்று சிவநேசம் சொன்னாள். சிவராசா தலையை ஆட்டினார், அவளுடைய உணர்வு அவருக்கு விளங்கியது. குழாய் தொடர்ந்து ஒழுகியது. ஒரு மாதம் இப்படி விளங்கிக்கொண்டே இருந்த பிறகு, கீழ்வீட்டுக் கிரேக்கக் கிழவர் படியேறி வந்து தன்னுடைய சாப்பாட்டு மேசையில் தண்ணீர் சொட்டுவதைக் கையால் காட்டினார். சிவராசா தலையை ஆட்டவில்லை, ஸ்பானர் எடுக்க ஓடினார். கிழவர் ஆண் என்பதைச் சிவநேசம் மனதில் குறித்துக்கொண்டாள்.

ஜூலை முதலாம் திகதி வந்தது. மொன்றியலில் அன்றைக்கு நகரமே வீடு மாறும். ஒருவனுடைய மெத்தை வாசலால் வெளியே வரும்போது அடுத்தவனுடைய மெத்தை உள்ளே போக முட்டிக்கொண்டு நிற்கும். சிவராசா தம்பதியும் மூன்றாம் மாடியிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ரவிசங்கர் என்பவருடைய வீட்டின் மேல்தளத்துக்கு மாறுவதாக ஒப்பந்தம். பால் காய்ச்சக் கோயில் ஐயர் குறித்துக் கொடுத்த நேரம் ஒன்பது பத்திலிருந்து பத்து இருபது வரை.

பால் பொங்கும்வரை பச்சைத் தண்ணீரும் வாயில் படாது என்று சிவராசா விரதம் அறிவித்திருந்தார். இப்படி ஒரு விரதம் இருப்பதாக ஐயருக்கே தெரியாது. ஆனால் சிவராசா எதையும் அரைகுறையாகச் செய்கிற மனிதர் அல்ல.

காலை எட்டு மணிக்குப் பழைய வீட்டின் குளியலறையைக் கழுவப்போன சிவநேசம் குப்பைக்கூடைக்குள் ஊசி மூடி ஒன்று கிடப்பதைக் கண்டாள். கூடையோடு வெளியே வந்தாள்.

"இஞ்சேருங்கோ, இன்சுலின் போட்டிட்டியளே?"

"ஏழு மணிக்கே. நான் நேரம் தவறுற ஆளில்லை."

"சாப்பிட மாட்டன் எண்டு நிக்கிறியள், பிறகேன் ஊசி? போட்டு அரை மணித்தியாலத்துக்குள்ளை சாப்பிட வேணுமெண்டு அந்த நேர்ஸ் பிள்ளை படிச்சுப் படிச்சுச் சொன்னவ. சீனி நாலுக்குக் கீழை இறங்கினா ஆள் தடுமாறும், இன்னும் இறங்கினா நினைவு தப்பும், உயிருக்கே ஆபத்தெண்டவ. நீங்கள் பக்கத்திலைதானே இருந்தனீங்கள்? ரெண்டு பிஸ்கட்டெண்டாலும் கடியுங்கோ அப்பா."

சிவராசா ஒரு தரம் தலையை ஆட்டினார். இரண்டாம் தரம் ஆட்டினார். மூன்றாம் தரமும் ஆட்டினார்.

"உம்மட உணர்வு எனக்கு விளங்குது நேசம்."

"உணர்வில்லை அப்பா, ஊசி!"

அதற்குள் கீழே வான் வந்துவிட்டது. வானோடு வந்தவர்கள் இருவர். ஒருவர் கணேசலிங்கம், சிவராசாவின் முதல் சீடர், சான்றிதழைப் போட்டோப் பிடித்துத் தன் மனைவிக்கு அனுப்பி மூன்று நாள் சோறு கிடைக்காமல் இருந்தவர். மற்றவர் அன்டன். டோர்வலில் கூட வேலை செய்கிறவர். பதினேழு சாண்ட்விச்காரரில் ஒருவர்.

மற்றச் சாமான்கள் எல்லாம் முதல்நாளே போய்விட்டன. மிஞ்சியது டீப் பிரீசர். வருகிற சனிக்கிழமை புதுவீடு குடிபூரல் விருந்துக்கென்று வாங்கி அடைத்த விளைமீனும் நண்டும் ஆட்டிறைச்சியும் உள்ளே இருந்தன. "முதல் உள்ளுக்குக் கிடக்கிறதை வெளியிலை எடுப்பம்" என்றாள் சிவநேசம். அதற்கும் மூன்று தலையாட்டல் கிடைத்தது. பிரீசர் நிறைந்த வயிற்றோடு வானில் ஏறியது.

புதிய வீட்டில் சிவநேசம் முதலில் ஏறினாள். பட்டுச் சேலையும் வெறுங்காலுமாக, சாமிப் படம், நிறைகுடம், பால், சீனி, மஞ்சள் உப்பு எல்லாவற்றையும் வலதுகால் வைத்து உள்ளே கொண்டுபோய் வைத்தாள். வீட்டின் முன்னால், தெருவிலிருந்து மேல்தளத்துப் பல்கனிக்கு, வளைந்து வளைந்து ஏறும் இரும்புப் படி ஒன்றுதான் வழி. பால் காய்ச்ச முதல் மீன், இறைச்சி என்று மச்சம் வீட்டுக்குள் வரலாமா என்று கணேசலிங்கம் சந்தேகம் கிளப்பினார். பல்கனி வீட்டுக்குள் சேர்த்தியில்லை என்று சிவராசா தீர்ப்பு வழங்கினார். பிரீசர் பல்கனிவரை வரும், பால் பொங்கும், பிறகு உள்ளே போகும்.

பக்கத்துக் கட்டடத்துக்குத் தளபாடம் ஏற்றிக்கொண்டிருந்த இரண்டு வெள்ளைக்காரத் தடியர்கள் இதைப் பார்த்துவிட்டு, கை கொடுக்கட்டுமா என்று கேட்டார்கள்.

"நோன், மெர்சி," என்று பிரெஞ்சில் மறுத்தார் சிவராசா. பிறகு தமிழில், "விமானத்தையே நிரப்பிற எனக்கு ஒரு பிரீசர் ஏத்தத் தெரியாதாமோ?"

மேலே கணேசலிங்கமும் அன்டனும் பிரீசரைச் சுற்றிக் கட்டிய பட்டியைப் பிடித்து இழுத்தார்கள். கீழே சிவராசா தனியாக, தோளைக் கொடுத்துத் தள்ளினார். ஆறு படி ஏறியது. ஏழாவது படியில் வளைவு. பிரீசரின் ஒரு மூலை சுவரில் ஊன்றியது, மறுமூலை கைப்பிடிக் கம்பிக்குள் செருகியது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. சிவராசாவின் தோள் விலகினால் வழுக்கி அவர் மேலேயே வரும் என்ற நிலையில் நின்றது. மணி ஒன்பது நாற்பது.

பத்து மணிக்கும் அங்கேயே நின்றது.

பத்தேகாலுக்கு ஐயர் கொடுத்த நேரத்தில் ஐந்து நிமிடம் மிச்சம் இருந்தது. சிவநேசம் பல்கனிக்கு வந்து எட்டிப் பார்த்தாள். படி வளைந்து இறங்குவதால் கணவனுடைய தலை அவளுக்கு நேர் கீழே தெரிந்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வெயில்தான், எல்லோருக்கும் வியர்த்தது. ஆனால் மற்ற இரண்டு பேருடைய முகங்களும் சிவந்திருந்தன, சிவராசாவின் முகம் சாம்பல் நிறமாக இருந்தது. கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் நடுங்கின.

"இஞ்சேருங்கோ."

சிவராசாவின் தலை நிமிரவில்லை.

"அப்பா! என்னைப் பாருங்கோ."

"அக்கா, கதை குடுக்காதேங்கோ," என்றார் கணேசலிங்கம் மூச்சு வாங்கியபடி. "அண்ணை இப்ப யோசினையிலை நிக்கிறார். பெல்ட் ஓடுது."

"எத்தினை நிமிஷமாக் கதைக்கேல்லை?"

"ஒரு கால் மணித்தியாலம் இருக்கும். அதுதான் அக்கா அறிகுறி. அவர்தானே எங்களுக்குச் சொல்லித் தந்தவர், ஆம்பிளைக்குப் பிரச்சினை கூடக் கூட மௌனமும் கூடுமெண்டு."

அப்போது சிவராசா பேசினார். தெளிவாக, வேலைத்தலத்துக் குரலில் பேசினார்.

"இந்தப் பெட்டியிலை டாக் துண்டு இல்லை. பத்தாம் பெல்ட்டிலை போடு."

கணேசலிங்கம் விழுந்து விழுந்து சிரித்தார். "பாத்தீங்களே, இந்த நிலைமையிலும் அண்ணைக்குப் பகிடி!"

அன்டன் சிரிக்கவில்லை. சிவநேசம் பல்கனிக் கம்பிக்கு மேலால் இன்னும் குனிந்தாள். அவளுடைய முப்பது வருடக் குடும்ப வாழ்க்கையில் சிவராசா ஒரு தரமும் பகிடி விட்டதில்லை.

"அது பகிடி இல்லை. அவருக்குச் சீனி இறங்கிப் போச்சு! காலமை ஊசி போட்டவர், ஒண்டும் சாப்பிடேல்லை!"

கீழே நடைபாதையில் நின்ற வீட்டுக்காரர் ரவிசங்கர் தொண்டையைச் செருமினார். முப்பத்தைந்து வருடம் டவுன்டவுனில் ஒரு பல்கலைக்கழகத்தில், குழாய்களுக்குள் திரவம் எப்படி ஓடுகிறது என்று பாடம் நடத்தி ஓய்வுபெற்ற சென்னைக்காரர். குழாய்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை என்பதால் ஓய்வுக்குப் பிறகு மூளைக்கு மாறியிருந்தார். எந்த விஷயத்திலும் மூன்று வீடியோ பார்த்தால் அவருக்குப் போதுமானது. வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்த அன்று அவரும் சிவராசாவும் இரண்டு மணிநேரம் மூளை பேசினார்கள். வாடகைக்கு ஐந்து நிமிடம்தான் சென்றது.

"மேடம், நீங்க பதட்டப்படறீங்க. பதட்டத்துல பெண்களுக்கு இப்படி ஒரு கதை ஓடும், அது நேச்சுரல். ஆதிமனுஷன் வேட்டைக்குப் போறப்ப பேசிக்கிட்டே போனா மான் ஓடிடும். அதனால ஆம்பளை மூளை சைலண்ட் ஆகப் பழகிடுச்சு. குகையில இருந்த பொம்பளைங்க பேசிப் பேசித்தான் குழந்தையைக் காப்பாத்தினாங்க. ஆபத்து வந்தா ஆம்பளை ஒண்ணு சண்டை போடுவான், இல்லை ஓடுவான். இவர் இப்ப ஃபைட் பண்ணிக்கிட்டு இருக்கார். டிஸ்டர்ப் பண்ணாதீங்க."

"சேர், அவர் என்ரை மனிசன். எனக்குத் தெரியும். பின்கதவுத் திறப்பை எறியுங்கோ, நான் பின்படியாலை இறங்கிச் சுத்தி வாறன்."

"சாவி எதுக்கு மேடம், பின்படிக்கு நேத்துதான் பெயிண்ட் அடிச்சேன். இன்னும் காயல."

சிவநேசம் உள்ளே ஓடினாள். அவசர உதவிக்கு 911-ஐ அழுத்தினாள். பிரெஞ்சில் கேட்ட குரலுக்குத் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் முகவரியைச் சொன்னாள், இன்சுலின் என்றாள், சாப்பாடு இல்லை என்றாள். அம்புலன்ஸ் வருகிறது, ஆனால் இன்று தெரு முழுக்க லொறி, சுணங்கலாம், வாயில் இனிப்பாக எதையாவது கொடுக்கப் பாருங்கள் என்றது குரல். அவள் அடுப்பில் வைத்திருந்த பச்சைப்பாலைத் தண்ணீர்ப் போத்தலுக்குள் ஊற்றினாள். சீனிப் பையை அப்படியே கவிழ்த்தாள். மூடியைத் திருகிக் குலுக்கிக்கொண்டு திரும்ப ஓடிவந்தாள். பத்து இருபத்தொன்று. நல்ல நேரம் முடிந்து ஒரு நிமிடம்.

அவளுக்கும் கணவனுக்கும் நடுவில், படியை முழுதாக அடைத்துக்கொண்டு, விளைமீனும் நண்டுமாகப் பிரீசர் கிடந்தது. அதன் மேலால் ஏறிப் போகலாம். ஏறினால் அவளுடைய பாரமும் அவருடைய தோளில்தான் இறங்கும்.

"அன்டன் தம்பி, நீங்கள் விட்டிட்டு இறங்க ஏலுமே?"

"நான் விட்டால் இது அண்ணைக்கு மேலை போயிடும் அக்கா. கணேசு அண்ணை தனியப் பிடிக்கமாட்டார்."

"ஆர் சொன்னது மாட்டனெண்டு?" என்றார் கணேசலிங்கம்.

"வாயைப் பொத்திக்கொண்டு பட்டியைப் பிடியும்."

கீழே கை சும்மா இருந்தது ஒரே ஒருவருக்கு.

"ரவிசங்கர் சேர்! இந்தப் போத்தலைப் போடுறன், பிடியுங்கோ. ஆறு படி ஏறி அவரின்ரை வாயிலை ஊத்துங்கோ. வேறை ஒண்டும் வேண்டாம், கும்பிட்டுக் கேக்கிறன்!"

ரவிசங்கர் முதல் படியில் கால் வைத்தார். இரண்டாம் படியில் வைத்தார். அந்த நேரம் சிவராசாவின் ஒரு முழங்கால் மடங்கியது. பிரீசர் இரும்பில் கிரீச்சிட்டபடி ஒரு சாண் இறங்கி, கம்பியை வெளிப்பக்கமாக வளைத்துக்கொண்டு நின்றது. ரவிசங்கர் அப்படியே பின்னுக்கு இறங்கினார்.

"நான்... ரெயிலிங்கை ஒரு போட்டோ எடுத்துக்கறேன் மேடம். இன்ஷூரன்ஸ்காரன் கேப்பான்," என்று சொல்லிக்கொண்டே தெருவைக் கடந்து எதிர்ப்பக்க நடைபாதைக்குப் போய்விட்டார். ஆபத்து வந்தால் ஆண் ஒன்றில் சண்டை பிடிப்பான், இல்லையேல் ஓடுவான் என்று ஐந்து நிமிடத்துக்கு முன்புதான் அவர் சொல்லியிருந்தார். விஞ்ஞானம் பொய்க்கவில்லை.

சிவநேசம் சேலையை முழங்காலுக்கு மேலே இழுத்து இடுப்பில் செருகினாள். போத்தலை அதற்குள் சொருகினாள். பல்கனிக் கம்பிக்கு மேலால் ஒரு காலைப் போட்டாள்.

"அக்கா! விசரே உங்களுக்கு? அண்ணைக்கு ஆர் பதில் சொல்லுறது?" என்றார் கணேசலிங்கம்.

இரும்புப் படியின் ஒவ்வொரு தட்டும் கைப்பிடிக் கம்பிக்கு வெளியே நாலு விரல் அகலம் நீண்டிருந்தது. நாலு விரலில் ஒரு கால் நிற்கும். ஜூலை வெயில் அந்த இரும்பைத் தோசைக்கல்லாக்கியிருந்தது. அவள் கம்பிக்கு வெளியே தொங்கியபடி ஒரு தட்டு இறங்கினாள், உள்ளங்கால் பொரிந்தது, அடுத்த தட்டைக் காலால் தேடினாள். ஐம்பத்தொரு வயது. மூட்டு வலிக்கு மருந்து எடுக்கிறவள். கீழே சீமெந்துத் தரை. பார்க்கவில்லை.

மேலே கணேசலிங்கம் முருகனைக் கூப்பிட்டார், பிறகு தன் மனைவியைக் கூப்பிட்டார். அன்டன் "இடதுகால், இடதுகால் அக்கா, இன்னும் கொஞ்சம் கீழை" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எதிர்ப்பக்கத்தில் ரவிசங்கர், சொத்துக்குச் சேதம் வந்தால் யார் பொறுப்பு என்று யாருக்கோ தொலைபேசியில் உரத்து விளக்கினார். அந்தத் தெருவில் அந்த நேரம் வாய் திறக்காமல் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் சிவராசா. மற்றவர் அவருடைய மனைவி.

வளைந்த கம்பி வந்தது. பிரீசரின் மூலை அதற்குள்ளால் வெளியே துருத்திக்கொண்டு நின்றது. பிடிக்க இடம் இல்லை. அவள் ஒரு கையை நீட்டி மூலைக்கு அப்பால் இருந்த கம்பியைத் தொட்டாள், விரல் நுனி எட்டியது, பிடி எட்டவில்லை. வயிற்றை இரும்போடு ஒட்டி, மற்றக் கையை விட்டாள். அரைச் செக்கன் அவளை எதுவும் பிடித்திருக்கவில்லை. பிறகு கம்பி கைக்குள் வந்தது.

கணவனுடைய முகம் இப்போது ஒரு முழத் தூரத்தில் இருந்தது. கண் திறந்திருந்தது. ஆனால் அவளைப் பார்க்கவில்லை, அவளுக்குப் பின்னால் ஏதோ விமானத்தைப் பார்த்தது.

அவள் பல்லால் போத்தல் மூடியைத் திருகித் துப்பினாள். கம்பிக்கு இடையால் கையை விட்டுப் போத்தலை அவருடைய உதட்டில் வைத்தாள்.

சிவராசா வாயை இறுக மூடிக்கொண்டார்.

"குடியுங்கோ."

பல்லுக்கிடையால் சொன்னார்: "பால்... பொங்கேல்லை."

தன் பெயர் தெரியாது, நிற்கிற இடம் தெரியாது, மனைவியைத் தெரியாது. விரதம் மட்டும் தெரிந்தது. சிவநேசம் அவரைப் பார்த்தாள். ஒரு தரம் தலையை ஆட்டினாள். இரண்டாம் தரமும் ஆட்டினாள். மூன்றாம் தரமும் ஆட்டினாள்.

"உங்கட உணர்வு எனக்கு விளங்குது," என்றாள்.

கம்பியைப் பிடித்திருந்த கையின் முழங்கையைக் கம்பிக்குள் மடித்துக் கொழுவிக்கொண்டு, அந்தக் கை விரல்களால் அவருடைய மூக்கைப் பொத்திப் பிடித்தாள். மூச்சுக்கு வாய் திறந்தது. கொஞ்சமாக ஊற்றினாள். திரும்பப் பொத்தினாள், திரும்ப ஊற்றினாள். பாதி சட்டையில் வழிந்தது. பாதி தொண்டையால் இறங்கியது. தொண்டைக் குமிழ் மேலும் கீழும் போவதை எண்ணிக்கொண்டே ஊற்றினாள்.

ஒன்பதாவது மிடறில் அவருடைய மற்ற முழங்காலும் மடங்கத் தொடங்கியது. பிரீசர் முனகியது. மேலே அன்டனின் கால் படியில் வழுக்கும் சத்தம் கேட்டது.

பக்கத்துக் கட்டடத்து வாசலில், சோபாவை ஏற்றிவிட்டு வந்த தடியர்கள் இருவரும் சிகரெட் பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள்.

"மெஸியூ!" என்று அவர்களைப் பார்த்துப் பிரெஞ்சில் கூவினாள் சிவநேசம். "மெஸியூ! மெஸியூ!"

அவ்வளவுதான் தேவைப்பட்டது. சிகரெட்டை எறிந்துவிட்டு ஓடிவந்தார்கள். ஒருவன் சிவராசாவின் பக்கத்தில் தோளைக் கொடுத்தான். மற்றவன் கைப்பிடிக் கம்பியை ஒரு கையால் இழுத்துப் பிடித்து, பிரீசரை நிமிர்த்தி, அன்டனுக்கு ஏதோ சைகை காட்டினான். இரண்டு நிமிடத்தில் அது மேலே பல்கனியில் நின்றது. நாற்பது நிமிடப் பிரச்சினை இரண்டு நிமிடத்தில் தீர்ந்ததைப் பார்த்துக் கணேசலிங்கத்துக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

சிவராசா ஆறாவது படியில் உட்கார்ந்தபடி சரிந்தார். சிவநேசம் கம்பியைத் தாண்டி உள்ளே வந்து அவருடைய தலையைத் தன் மடியில் தாங்கினாள். போத்தலில் மிச்சம் இருந்ததையும் பருக்கினாள். அவளுடைய உள்ளங்கால்கள் கொப்பளித்திருந்தன.

அம்புலன்ஸ் வந்தபோது பத்து முப்பத்தெட்டு. இறங்கியவள் ஓர் இளம்பெண், தலைமயிரைக் குதிரைவாலாகக் கட்டியிருந்தாள். சிவராசாவின் விரலில் குத்தி இரத்தம் எடுத்து இயந்திரத்தில் வைத்தாள். அவ்வளவு பால், அவ்வளவு சீனி போன பிறகும் இரண்டு தசம் நாலு காட்டியது. அவள் புருவம் உயர்ந்தது. ஒரு குழாயிலிருந்து பசையைப் பிதுக்கி அவருடைய கன்னத்துக்குள் தேய்த்தாள். கையில் ஊசி ஏற்றினாள். ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பக் குத்திப் பார்த்தாள். நாலு தசம் ஆறு.

சிவராசா கண்ணைச் சுருக்கி மனைவியைப் பார்த்தார்.

"ஏன் நேசம் அழுகிறீர்? பால் காய்ச்சிட்டீரே?"

ஆபத்து நீங்கியது என்று தெரிந்ததும் தெருவுக்கு அறிவு திரும்பியது. அந்தப் பெண் படிவத்தை மடியில் வைத்து, என்ன நடந்தது என்று இங்கிலீஷில் கேட்டாள். எதிர்ப்பக்கத்திலிருந்து வந்து சேர்ந்திருந்த ரவிசங்கர் முன்னால் வந்தார். கார்டிசால் என்றார், அமிக்டலா என்றார், ஆண் நரம்பு மண்டலம் அதீத அழுத்தத்தில் தன்னைத்தானே மூடிக்கொள்கிற இந்த நிகழ்வைத் தான் நேரில் அவதானித்ததாகச் சொன்னார். கணேசலிங்கம், நல்ல நேரம் தப்பிய அந்த ஒரு நிமிடத்தில்தான் எல்லாம் பிழையாய்ப் போனது என்றார். சிவராசாவோ படியில் சாய்ந்தபடியே ஒரு விரலை உயர்த்தினார்.

"தங்கச்சி, ஆம்பிளையின்ரை மூளை இருக்கே, அது எங்கட பெல்ட் மாதிரி. பாரம் கூடினா அது தன்ரை பாட்டிலை நிண்டு..."

பெண்ணுக்குத் தமிழ் விளங்கவில்லை. ரவிசங்கர் மொழிபெயர்த்தார், இடையிடையே திருத்தமும் செய்தார். அவள் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி ஒவ்வொருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். படிவத்தில் அந்தக் கேள்விக்கு ஒரு வரிதான் இடம் விட்டிருந்தது. கடைசியில், கொப்பளித்த காலோடு படியில் இருந்த சிவநேசத்திடம் திரும்பினாள்.

சிவநேசம் சொன்னதை அவள் அந்த வரியில் எழுதிக்கொண்டாள்.

ஆள் காலையில் சாப்பிடவில்லை.